கன்னங்குறிச்சி வீட்டுக்கு சோலாரும் பேட்டரியும்: மூன்று கொட்டேஷன், யாரிடம் கொடுக்கலாம்?

மொட்டைமாடி636:
வணக்கம்ங்க. சேலம் கன்னங்குறிச்சியில் தனி வீடு. சிங்கிள் பேஸ், சேங்ஷன் லோடு (ஈபி அனுமதித்த மின்சுமை) 4 கிலோவாட். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 620 யூனிட் வருகிறது. ஏசி ஓடுகிற சித்திரை, வைகாசியில் 780. மொட்டை மாடி முழுக்கத் தட்டோடு. வீட்டுக்குத் தெற்கே ஒரு தென்னை, மாடியைத் தாண்டி நிற்கிறது.

மூன்று பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆள் 3.3 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு இணைந்து ஓடுவது), 1,95,000. இரண்டாவது ஆள் அதே பேனலோடு 5 கிலோவாட் ஹைபிரிட் (ஈபி லைன், பேட்டரி இரண்டோடும் ஓடும்) இன்வர்ட்டர், 5 யூனிட் கரண்ட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி, 3,90,000. மூன்றாவது ஆள் 3 கிலோவாட் ஆஃப்கிரிட் (ஈபி லைனோடு இணையாமல் தனியே ஓடுவது), 12 வோல்ட் 150 ஏஎச் டியூப்புலர் (லெட் ஆசிட்) பேட்டரி நான்கு, 2,60,000, "மானியமும் வாங்கித் தர்றோம்" என்கிறார். கரண்ட் போனால் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், போர் மோட்டார் ஓட வேண்டும். யாரை நம்புவது?

ஆம்பியர்:
மூன்றாவது ஆளை இன்றைக்கே விட்டுவிடுங்கள். 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் என்ற மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டத்தின் மானியம் கிரிட்டோடு (ஈபி லைனோடு) இணைந்த அமைப்புக்கு மட்டும்தான். ஆஃப்கிரிட்டுக்கு வாங்கித் தருகிறேன் என்பவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

முதல் ஆள் சொல்லாமல் விட்டது ஒன்று: ஆன்கிரிட் இன்வர்ட்டர் கரண்ட் போன நொடியே நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் வேலை செய்பவருக்கு உங்கள் வீட்டிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. உங்கள் தேவைக்கு ஹைபிரிட்தான்.

ஆனால் எத்தனை கிலோவாட் என்பதில் இரண்டாமவரோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மானியக் கணக்கு இப்படி: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, உச்சம் 78,000. எல்லோரும் 3 கிலோவாட்டைத் தள்ளிவிடுவது அந்த 78,000-ஐக் காட்டித்தான். சேலம் வெயிலுக்கு 1 கிலோவாட் வருஷச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வையுங்கள். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 480. உங்கள் 620-இல் 140 மிச்சம். ஏசி மாதங்களிலும் 300-தான், 500-க்கு மேல் போனால் வருகிற விலை உயர்ந்த அடுக்குப் பக்கமே போக மாட்டீர்கள். 3 கிலோவாட் போட்டால் 720. சராசரிப் பில்லை விட 100 யூனிட் கூடுதல், அந்த உபரியால் உங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. இன்னொரு ஏசியோ மின் ஸ்கூட்டரோ வரப்போகிறது என்றால் மட்டும் மூன்றுக்குப் போங்கள்.

மூன்று பேரில் யாராவது ஒரு வருஷ ஈபி பில்லைக் கேட்டார்களா? கேட்காமல் விலை சொன்னவர் உங்கள் வீட்டுக்கு விலை சொல்லவில்லை.

டியூப்புலர்தாசன்:
பேர் இப்படி இருந்தாலும் இங்கே லித்தியத்துக்குத்தான் ஓட்டு. 150 ஏஎச் நான்கு என்பது காகிதத்தில் 7.2 யூனிட். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 3.6. அதிலும் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சேலத்தில் மாடிப்படி அறையில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். லித்தியத்துக்கும் அந்த இடம் ஆகாது. கீழ்த்தளத்தில் காற்றோட்டமுள்ள சுவரில் வையுங்கள்.

அளவு: ஃபேன் நான்கு 300 வாட், லைட் ஆறு 60, ஃபிரிட்ஜ் சராசரி 60, டிவியும் ரௌட்டரும் 100. மொத்தம் 520. 5 யூனிட் பேட்டரியில் இன்வர்ட்டர் இழப்பு போக 4 யூனிட் கையில் கிடைக்கும், ஏழரை மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், அப்போது பேனலே வீட்டை ஓட்டிவிடும். பேட்டரி தேவைப்படுவது சாயங்கால மழை, இடிக்குத்தான். காசு இறுக்கம் என்றால் 2.5 யூனிட்டில் ஆரம்பித்து, பின்னால் இணையாக இன்னொன்று சேர்க்கக்கூடிய மாடலாகப் பாருங்கள்.

மோட்டாரை பேக்கப்பில் போட வேண்டாம். 1 எச்பி மோட்டார் ஓடும்போது 1.1 கிலோவாட்தான், ஆனால் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். 5 கிலோவாட் இன்வர்ட்டர் ஓவர்லோட் காட்டி நிற்கும், கூடவே வீடு முழுக்க இருட்டு.

இந்த வேலையில் அதிகம் சொதப்புவது செட்டிங். 51.2 வோல்ட் லித்தியத்தில் 16 செல். இன்வர்ட்டரில் பேட்டரி வகையை லெட் ஆசிட் என்றே விட்டுவிட்டால் ஈக்வலைஸ் சார்ஜ் (லெட் ஆசிட்டுக்கு அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் சார்ஜ்) 58.4 வோல்ட்டைத் தாண்டும், பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) பேட்டரியைத் துண்டித்துவிடும். "பேட்டரி பழுது" என்று மாற்றிக் கொடுப்பார்கள், அடுத்ததும் அப்படியே செய்யும். இன்வர்ட்டரும் பிஎம்எஸ்ஸும் கேபிள் வழியே பேசிக்கொள்கின்றனவா என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்: சார்ஜ் சதவீதம் பிஎம்எஸ்ஸிலிருந்து வர வேண்டும். பேசவில்லை என்றால் பல்க் (முழு சார்ஜ்) 56 வோல்ட், ஃப்ளோட் (நிறைந்த பின் தாங்கும் அளவு) 54, கட்ஆஃப் (அதற்குக் கீழே இறக்காமல் நிறுத்தும் அளவு) 48 என்று வைத்து ஓட்டலாம். அதையும் பேட்டரிக் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான்.

வாரண்டியில் "10 வருஷம்" என்பதோடு நிற்காதீர்கள். எத்தனை யூனிட் எடுத்தால் வாரண்டி முடியும், கடைசியில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்ற இரண்டு எண்களும் தாளில் இருக்க வேண்டும்.

பழைய_லைன்மேன்:
தம்பி, தென்னையைப் பற்றி யாரும் பேசவில்லை. நம்ம ஊர் 11.6 டிகிரி வடக்கு. சித்திரை முதல் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அதனால் தெற்கு மரத்தின் நிழல் மத்தியானம் மாடியில் விழவே விழாது. அந்த மாதங்களில் பார்க்க வருபவர் "நிழலே இல்லைங்க" என்பார். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரியில் நிற்கும். பேனலுக்கு மேல் 5 மீட்டர் உயர்ந்த மரம் மத்தியானத்திலேயே மூன்றரை மீட்டர் நிழல் போடும், காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இன்னும் நீளம். மரத்தின் உயரத்தை அளந்து, மார்கழி நிழலை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போடத் தெரிந்தவருக்கு வேலையைக் கொடுங்கள். மட்டை விழுகிற இடத்தையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது தட்டோடு. அதன் மேலேயே துளை போட்டு ஆங்கர் அடித்தால் ஓட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கி, எங்கோ ஒரு மூலையில் சீலிங் ஒழுகும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்டாண்டு கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டைப் பெயர்த்து எடுத்து, கான்கிரீட் தெரிய வைத்து, கெமிக்கல் ஆங்கர் (பசை ஊற்றிப் பிடிக்கும் போல்ட்) போட்டு, சுற்றிக் கான்கிரீட் கட்டை வார்த்து, வாட்டர்ப்ரூஃப் பூசணும். "துளையே வேண்டாம், கட்டை வைத்தால் போதும்" என்பவரிடம் எடையைக் கேளுங்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு அடி உள்ள கான்கிரீட் கட்டை 65 கிலோ, ஆறு வைத்தாலும் 390. 2 கிலோவாட்டுக்கு வரும் நான்கு பேனலின் பரப்பு 10 சதுர மீட்டர். கோடை இடிமழைக் காற்று அடியில் புகுந்து தூக்கினால் அது போதாது, அதிலும் எட்டு அடி உயர ஸ்டாண்டுக்கு. 150 கிலோமீட்டர் காற்றுக்கு வடிவமைத்தது, 80 மைக்ரான் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு) என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கிய ஜிபி பைப்பை (மெல்லிய துத்தநாகப் பூச்சுக் குழாய்) வெல்டு செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்தால் வெல்டு போட்ட இடத்திலிருந்து துரு ஏறும்.

எர்த் மூன்று: பேனல் ஸ்டாண்டுக்கு ஒன்று, இன்வர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏசி கரண்ட் (மாற்று மின்னோட்டம்) பக்கம் ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. குழியை மூடும் முன் எர்த் டெஸ்டரில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். பேனலிலிருந்து வரும் டிசி கரண்ட் (நேர் மின்னோட்டம்) பக்கம் வீட்டு ஏசி கரண்டுக்கான எம்சிபியை (டிரிப் ஸ்விட்ச்) மாட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிசி ஆர்க் தானாக அணையாது, பெட்டியே எரியும். பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் இரு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்கணும். கலந்தால் பொருந்துவது போலத்தான் இருக்கும், சூடேறி உருகும்.

பேக்கப் லைனின் நியூட்ரலைப் பழைய நியூட்ரலோடு சேர்க்க விடாதீர்கள். சேர்த்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) சும்மா சும்மா விழும். பழைய வீடென்றால் இந்தப் பிரிப்புக்கே ஒரு நாள் ஆகும், அதை இப்போதே விலையில் சேர்த்துக் கேளுங்கள்.

நாகலூர்_தோட்டம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். ஏற்காட்டில் ஓட்டு வீடு, சுற்றிலும் சில்வர் ஓக், பாதி நாள் மூடுபனி. இதே கணக்கு எங்களுக்கும் பொருந்துமாங்க?

ஆம்பியர்:
பொருந்தாதுங்க. மலை மேல் நாளுக்கு 4 யூனிட் என்று எழுதித் தருபவரை நம்ப வேண்டாம். சில்வர் ஓக் நிழல் நாள் முழுக்க நகரும், தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் விழுந்தாலும் வரிசை முழுதும் அடி வாங்கும். கிழக்கு, மேற்கு என இரண்டு எம்பிபிடி (ஒரு பேனல் வரிசையிலிருந்து முடிந்தவரை அதிகக் கரண்ட் எடுக்கும் இன்வர்ட்டர் பகுதி), அல்லது பேனலுக்கு ஒரு மைக்ரோ இன்வர்ட்டர் (சின்ன இன்வர்ட்டர்). ஓட்டின் மேல் ஆள் ஏறி உடைப்பதற்குப் பதில் திறந்த இடத்தில் தரையில் ஸ்டாண்டு போடுங்கள்.

குளிரில் பேனல் வோல்டேஜ் ஏறும். 25 டிகிரியில் 50 வோல்ட் உள்ள பேனல் 10 டிகிரியில் 52. பத்துப் பேனல் வரிசை 500 என்று கணக்குப் போட்டு 500 வோல்ட் இன்வர்ட்டரை மாட்டினால், தை மாதக் காலையில் பனி விலகி வெயில் விழும்போது இன்வர்ட்டர் போய்விடும். இடி அதிகம், டிசி, ஏசி இரண்டு பக்கமும் எஸ்பிடி (இடியால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சாதனம்) கட்டாயம். வயரை இரும்புக் குழாயில் விடுங்கள், பிவிசியைக் குரங்கு பிடுங்கிவிடும்.

மொட்டைமாடி636:
எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டாவது ஆளிடமே 2 கிலோவாட் ஹைபிரிட்டுக்குத் திருத்தி விலை கேட்கிறேன். மோட்டார் பேக்கப்பில் வேண்டாம். பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

பழைய_லைன்மேன்:
விண்ணப்பத்தோடு 10 சதவீதம். பொருள் வீட்டுக்கு வந்ததும் 60. அதற்கு முன் பேனல் சீரியல் எண்கள் இன்வாய்ஸோடு ஒத்துப்போகின்றனவா, மானியத்துக்குத் தேவையான டிசிஆர் (இந்தியாவில் செய்த) வகைதானா என்று சரிபாருங்கள். பொருத்தி முடிந்ததும் 15. நெட் மீட்டர் (வருகிற, போகிற கரண்ட் இரண்டையும் அளக்கும் மீட்டர்) மாட்டி, கரண்ட்டை நிறுத்தி பேக்கப் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதி 15. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதைக் கழித்துக்கொண்டு பில் போடுகிறேன் என்பவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் வேண்டாம், நம்ம ஊர் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். காவேரித் தண்ணீர், வெயில் ஏறும் முன், மாதம் இருமுறை. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தூசி படிகிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை.