பாக்கெட்டின் முன்பக்கமே எச்சரிக்கை வேண்டும், மனு எழுத உதவுங்கள்

வணக்கம். மதுரையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். சர்க்கரை நோய்க்காக என்னிடம் வரும் அம்மா ஒருவர் போன வாரம் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, "கோதுமைதானே மேடம், சாப்பிடலாம்ல?" என்று கேட்டார். முன்னால் பெரிய கோதுமைக் கதிர் படம். சர்க்கரை எவ்வளவு என்பது பின்னால், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அவர் எப்படிப் படிப்பார்?

2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) வெளியிட்ட வரைவு விதி, பாக்கெட் உணவு எவ்வளவு ஆரோக்கியமானது என்று முன்பக்கத்தில் அரை ஸ்டாரிலிருந்து 5 ஸ்டார் வரை மதிப்பீடு தரலாம் என்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் கொஞ்சம் நார்ச்சத்தோ பருப்போ சேர்த்தால் சர்க்கரைக்குக் குறைகிற மதிப்பெண்ணை ஓரளவு ஈடுகட்டிவிடலாம். சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு எண்கோண முத்திரையில் 'அதிக சர்க்கரை', 'அதிக சோடியம்' (அதாவது உப்பு) என்று முன்பக்கமே போடுகிறார்கள், குழந்தைக்குக்கூடப் புரியும். நமக்கும் அதுதான் வேண்டும், தமிழிலும் வேண்டும்.

ஆணையத்துக்கும் எங்கள் தொகுதி எம்.பி.க்கும் மனு கொடுக்கப் போகிறோம். நாங்கள் 6 பேர், யாருக்கும் மனு எழுதிப் பழக்கமில்லை. இப்படி எழுதிய அனுபவம் உள்ளவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் எங்கள் மனுவின் வரைவை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா? அப்புறம், உங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் பிள்ளைகள் வாங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள், மனுவோடு இணைக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் பேசுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.