ஹவுட் பே: மலைத்தீ நெருங்குகிறது, வீட்டை விட்டுக் கிளம்ப எப்படித் தயாராவது?

மலையடிவாரம்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், ஹவுட் பேயில் கான்ஸ்டான்ஷியா நெக் என்ற கணவாய் பக்கம் மலையடிவாரத்தில் வீடு. டோக்காய் முகட்டில் தீ எரிகிறது, தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கிறது. வெளியேறச் சொல்லி இன்னும் அறிவிப்பு வரவில்லை. நாங்கள் இருவர், 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அவர் இன்சுலின் போடுபவர், மெதுவாகத்தான் நடப்பார். ஒரு நாய், ஒரே கார். எதை எடுப்பது, எப்போது கிளம்புவது? அறிவிப்பு வரும்வரை இருக்கலாமா?

தெற்குக்காற்று:
இருக்காதீர்கள். மெதுவாக நடப்பவரும் சின்னப் பிள்ளையும் உள்ள வீடு, ஊரே கிளம்பும் நேரத்துக்கு முன்னால் சாலையில் இருக்க வேண்டும்.

ஹவுட் பேயை விட்டு வெளியேற மூன்றே சாலைகள். இந்தக் காற்றில் டோக்காய் தீ உங்கள் பக்கம் தள்ளப்படும். முதலில் அடைபடக்கூடியது கான்ஸ்டான்ஷியா நெக் சாலை. மலைச்சரிவை ஒட்டிப் போகும் சாப்மன்ஸ் பீக் சாலையை நம்ப வேண்டாம். மேலே புதர் எரிந்துவிட்டால் வேர்கள் பிடித்திருந்த கற்கள் உருண்டு விழும், தீ அணைந்த பிறகும் மூடி வைப்பார்கள். மிஞ்சுவது லான்டட்னோ, கேம்ப்ஸ் பே வழியாகப் போகும் விக்டோரியா சாலை. எல்லோரும் அதில் இறங்கினால் நகராது.

ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே மாமியாரையும் பிள்ளைகளையும் நாயையும் நகரின் வேறு பகுதியில், ரைலண்ட்ஸிலோ டேபிள் வியூவிலோ தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடுங்கள். திரும்பி வர சாலை திறந்திருக்கும் என்று எண்ணி எதையும் வீட்டில் வைத்துப் போகாதீர்கள். பெரியவர்கள் இருவரும் கிளம்ப வேண்டிய கட்டத்தையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்: தீ முகட்டைத் தாண்டி உங்கள் சரிவில் இறங்கினால், அல்லது முற்றத்தில் கங்கு விழுந்தால், உடனே. இரண்டும் நடக்காவிட்டாலும் இருட்டும் முன் போய்விடுங்கள். ராத்திரியிலும் பலத்த காற்றிலும் ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்ற முடியாது.

தூரத்தில்தானே எரிகிறது என்ற நினைப்புதான் ஆபத்து. 2021 ஏப்ரல் 18 அன்று ரோட்ஸ் நினைவிடத்தின் அருகே பிடித்த தீ, அன்றைக்கே கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தை எரித்தது.

மொபைலில் 112, மாநகர அவசர எண் 021 480 7700. இரண்டையும் மூத்த பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

மருந்துப்பை:
இன்சுலினைப் பற்றிச் சொல்கிறேன். ஐஸ் கட்டி நேராகத் தொடக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி கூல் பையில் வையுங்கள், பையைக் கார் டிக்கியில் போடாமல் கையோடு வைத்திருங்கள். ஊசி, மீட்டர், ஸ்ட்ரிப், மருந்துச் சீட்டு, சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் அல்லது ஜூஸ், எல்லாம் அதே பையில். மற்ற மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது இருக்கட்டும்.

பாஸ்போர்ட், விசா அல்லது பெர்மிட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காப்பீட்டுப் பாலிசி ஆகியவற்றின் அசலை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் தொலைந்தால் மறுபடி வாங்குவது பெரும்பாடு. நகை ஒரே சிறு பையில், இப்போதே. கிளம்பும்போது பீரோவில் தேடுவதில்தான் நேரம் போகும். ஒவ்வொரு அறையையும் அலமாரியைத் திறந்து காட்டி வீடியோ எடுங்கள், காப்பீட்டுக்கு உதவும்.

உடை முழுக்கைப் பருத்தி, கால் மூடிய ஷூ. மாமியாருக்கு சிந்தெடிக் புடவை வேண்டாம்; வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டும். துணி மாஸ்க் புகைத்துகளைத் தடுக்காது, என்95 வேண்டும். 4 வயதுக் குழந்தைக்கு அது முகத்தில் பொருந்தாது, ஆகவே குழந்தையைப் புகைக்கு முன்பே அனுப்புவதுதான் வழி.

கேட்மோட்டார்:
எல்லோரும் மறப்பது மோட்டாரில் திறக்கும் கேட். கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால் கார் உள்ளேயே மாட்டும். மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சாவியைத் தேடி எடுத்து, ஒருமுறை விடுவித்து, கேட்டைத் தள்ளிப் பாருங்கள். வீட்டில் இருவருக்கும் அது தெரிய வேண்டும். கார் கேரேஜுக்கு வெளியே, மூக்கு சாலையைப் பார்த்து, டேங்க் நிரம்பி நிற்கட்டும்.

பெரும்பாலான வீடுகள் பிடிப்பது காற்றில் முன்னால் பறந்து வரும் கங்கால். கயிற்று மிதியடி, வெளி நாற்காலி மெத்தை, பிராய் (வெளியே இறைச்சி சுடும் அடுப்பு) விறகு, கூரை வடிகாலில் காய்ந்த இலை: இவற்றை அகற்றுங்கள். வடிகாலுக்கு ஏணி போடுவது காற்று தாழ்ந்திருந்தால் மட்டும். எல்லா ஜன்னலையும் உள்கதவுகளையும் மூடுங்கள், மெல்லிய திரைகளைக் கழற்றுங்கள், சோபாவை நடு அறைக்கு இழுங்கள். பூஜை விளக்கை அணையுங்கள். கேஸ் வால்வை மூடி, 9 கிலோ சிலிண்டர் என்றால் செடி இல்லாத வெட்டவெளியில் நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர்க் குழாயை மாட்டி வையுங்கள், ஆனால் திறந்துவிட்டுப் போகாதீர்கள். தெரு முழுக்க அப்படிச் செய்தால் தீயணைப்பு வண்டிக்கு அழுத்தம் கிடைக்காது. புகையில் வீடு தெரிய முன்விளக்கு எரியட்டும்.

நாயை இப்போதே ஒரு அறையில் பூட்டுங்கள், கழுத்தில் வாரோடு. மிரண்ட நாய் ஓடிவிடும்.

மலையடிவாரம்:
நன்றி. மூவரையும் நாயையும் இப்போதே அனுப்புகிறோம். நாங்கள் கிளம்பிய பிறகு வழியில் புகை மூடிவிட்டால்?

தெற்குக்காற்று:
கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றுங்கள். ஹெட்லைட் போட்டு மெதுவாக ஓட்டுங்கள், தீயணைப்பு வண்டி எதிரே வரலாம். சுத்தமாகத் தெரியவில்லை என்றால் புதரும் மரமும் இல்லாத தார் அல்லது சரளைத் திடலில் நிறுத்துங்கள். இறங்கி ஓடாதீர்கள், கார் கதிர்வெப்பத்தை ஓரளவு தடுக்கும். ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து கம்பளிப் போர்வையால் மூடிக்கொண்டு 112-ஐ அழையுங்கள். தீயின் முன்வரிசை கடந்துபோன பிறகு மட்டும் வெளியே வாருங்கள். அந்தப் போர்வை டிக்கியில் இல்லாமல் சீட்டில் இருக்கட்டும்.