செல்வி அத்தைக்கு மறுபடியும் கிட்னி கல் (நம்ம வீட்டுக் குழு)

கார்த்திக்: அம்மாவுக்கு ராத்திரி மறுபடியும் விலாவில் வலி. ஸ்கேனில் இடது கிட்னியில் 6 மி.மீ. கல். மூன்றாவது தடவை.

பெரியப்பா: தினமும் வாழைத்தண்டு சாறு கொடு. பாலையும் தயிரையும் நிறுத்து. கால்சியம்தானே கல்லாகிறது.

தேவி: தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் பெரியப்பா, பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் கீரை போன்றவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பு கூடுதலாக உடம்பில் ஏறும், அதிலும் கல் வரும். கார்த்தி, பழைய ரத்த ரிப்போர்ட்டில் கால்சியம் எவ்வளவு?

கார்த்திக்: போன வருஷம் 11.1. பக்கத்தில் 'எச்', அதாவது அதிகம் என்று போட்டிருக்கிறது. யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்லையே மதினி.

தேவி: 10.5-க்கு மேல் போனால் காரணம் தேடியே ஆகவேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சின்னச் சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் பி.டி.எச். ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்துவிட்டால், கால்சியம் போதுமான அளவு இருந்தாலும் அது சுரப்பதை நிறுத்தாது. ரத்தத்தில் மிஞ்சும் கால்சியம் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. எலும்பும் கரைகிறது.

செல்வி அத்தை: லேசாக வழுக்கியதற்கே என் மணிக்கட்டு முறிந்ததே, அதுவும் இதனாலா? கட்டி என்றால் கேன்சரா தேவி?

தேவி: மணிக்கட்டு முறிந்தது இதனால் இருக்கலாம் அத்தை, பார்த்தால் தெரியும். கேன்சர் என்று பயப்படாதீர்கள், இதில் அது மிக மிக அபூர்வம். முதலில் கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதம்), பி.டி.எச்., வைட்டமின் டி, கிரியேட்டினின் (கிட்னியின் வேலையைக் காட்டுவது) எல்லாம் ஒரே நாளில் பாருங்கள். கால்சியம் கூடியிருக்கும்போது பி.டி.எச். அடங்கிக் கிடக்கவேண்டும். அப்போது பி.டி.எச். 'நார்மல்' என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். பலருக்கும் தட்டிப்போவது இங்கேதான்.

பெரியப்பா: கட்டி இருந்தால் ஆபரேஷனா அம்மா?

தேவி: கல்லும் வந்து எலும்பும் முறிந்தவர்களுக்கு அதுதான் சரி பெரியப்பா. அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்கு இதே பாராதைராய்டு கட்டியைத் தேடி 1926-லிருந்து திரும்பத் திரும்பக் கழுத்தைத் திறந்தார்கள். 1932-ல் ஏழாவது ஆபரேஷனில்தான் நெஞ்சுக்குள் கட்டி அகப்பட்டது. இப்போது ஸ்கேனில் இடம் பார்த்துவிட்டே போகிறார்கள்.

கார்த்திக்: சரி, நாளைக் காலையே லேப். அப்புறம் ஹார்மோன் பார்க்கும் எண்டோகிரைன் டாக்டர்.

செல்வி அத்தை: பிரஷர் மாத்திரையையும் காட்டவா?

தேவி: அட்டையோடு கொண்டுபோங்கள் அத்தை. தையாசைடு வகை என்றால் அதுவே கால்சியத்தைக் கூட்டும். ஆனால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.