செரில் பிறந்தநாள் புதிர்: ஆகஸ்ட் 17 என்று சாதிப்பவர்களுக்கு

நெல்லை_வாத்தியார்:
வார இறுதிப் புதிர் இழையில் ஈசூன்_குமார் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்காகத்தான் இந்தத் தனி இழை. அவர் எழுதியது இது: "நண்பர்கள் நாங்க நாலு பேரும் காப்பிக் கடையில உக்காந்து செரில் புதிரைப் போட்டோம். விடை ஆகஸ்ட் 17. ஜூலை 16ன்னு சொல்றவங்க எல்லாம் எங்கயோ படிச்சதை ஒப்பிக்கிறவங்க." அந்த இழையில் ஜூலை 16 என்று எழுதியவன் நான் ஒருவன்தான். ஆக, ஒப்பிக்கிறவன் யார் என்று எல்லோருக்கும் விளங்கும்.

புதிரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 2015 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கென்னத் கோங் முகநூலில் போட்டு உலகமெல்லாம் பரவிய கணக்கு இது. செரில் பத்துத் தேதிகள் கொடுக்கிறாள்: மே 15, 16, 19; ஜூன் 17, 18; ஜூலை 14, 16; ஆகஸ்ட் 14, 15, 17. இதில் ஒன்று அவள் பிறந்தநாள். ஆல்பர்ட்டிடம் மாதத்தையும் பெர்னார்டிடம் நாளையும் தனித்தனியே சொல்கிறாள்.
ஆல்பர்ட்: எனக்கு அவள் பிறந்தநாள் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.
பெர்னார்டு: முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.
ஆல்பர்ட்: அப்படியானால் எனக்கும் தெரிந்துவிட்டது.

பத்துத் தேதிகளில் 18, 19 இரண்டும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. பெர்னார்டு காதில் 18 விழுந்திருந்தால் ஜூன், 19 விழுந்திருந்தால் மே என்று உடனே கண்டுபிடித்திருப்பான். ஆல்பர்ட்டிடம் இருந்தது மாதம் மட்டும்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு "அவனுக்கும் தெரியாது" என்று அடித்துச் சொல்கிறான் என்றால், அந்த மாதம் மேயும் இல்லை, ஜூனும் இல்லை. மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதைக் கேட்டதும் பெர்னார்டுக்கு விடை தெரிகிறது, ஆகவே 14 இல்லை. பிறகு ஆல்பர்ட்டுக்கும் தெரிகிறது, ஆகவே ஆகஸ்ட் இல்லை, அதில் இன்னும் இரண்டு தேதி நிற்கிறதே. ஜூலை 16. இதில் ஒப்பிக்க என்ன இருக்கிறது?

ஈசூன்_குமார்:
வணக்கம் சார். எனக்காகத் தனி இழையே போட்டுட்டீங்க. உங்க முதல் படியிலயே ஓட்டை. ஆல்பர்ட் மாசத்தை வச்சுக் கணக்குப் போட்டுத்தான் அப்படிச் சொன்னான்னு எங்க எழுதியிருக்கு? பெர்னார்டு பக்கத்துல நிக்கிறான். 18 இல்ல 19 கிடைச்சிருந்தா "எனக்குத் தெரியும்"னு கத்தியிருப்பான். அவன் வாயைத் திறக்கல. அதைப் பாத்துட்டு இவன் சொல்றான், அவனுக்கும் தெரியாதுன்னு. அப்போ போறது 18ம் 19ம் மட்டும்தான். மே மொத்தமா போகாது.

ஜூன்ல 17 மட்டும் மிஞ்சும். ஆல்பர்ட்டுக்கு ஜூன்னு சொல்லியிருந்தா அவனுக்கே விடை தெரிஞ்சிருக்கும். தெரியலங்கிறான், அதனால ஜூன் போச்சு. இப்ப இருக்கிறது மே 15, 16, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதுல ஒரே தடவை வர்ற நாள் 17 மட்டும்தான். பெர்னார்டு "இப்பத் தெரிஞ்சுபோச்சு"ங்கிறான். ஆகஸ்ட் 17. எங்க நாலு பேருக்கும் இதே விடைதான் வந்துச்சு.

நெல்லை_வாத்தியார்:
"வாயைத் திறக்கல" என்பது புதிரின் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள். முதலில் பேசுகிறவனே ஆல்பர்ட்தான். அதற்கு முன்னால் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததை வைத்து அவனுக்குத் தெரியாது என்று எப்படி முடிவு கட்டுவான்? ஆல்பர்ட்டிடம் இருந்தது மாதம் மட்டும்தான்.

கொங்குத்தம்பி:
குமாரண்ணா, ஒரு சந்தேகங்க. நாலு பேரும் தனித்தனியாப் போட்டீங்களா, இல்ல ஒருத்தர் சத்தமாச் சொல்ல மத்த மூணு பேரும் தலையாட்டுனாங்களா? ஏன் கேக்கறேன்னா எங்க ரூம்ல புதிர் போட்டா எப்பவும் ரெண்டாவது கதைதானுங்க. முதல்ல பேசுறவன் விடைதான் எல்லாத்தோட விடையும்.

ஈசூன்_குமார்:
தம்பி, உங்க ரூம் கதை உங்களோட. எங்க நாலு பேர்ல ரெண்டு பேர் எஞ்சினியர், ஒருத்தர் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். ஒவ்வொருத்தரும் தனித்தனித் தாள்ல போட்டோம். டியூஷன் எடுக்கிறவர்தான் முதல்ல முடிச்சார்.

கொங்குத்தம்பி:
முதல்ல முடிச்சவர் விடையைச் சொன்னதுக்கு அப்புறம் மத்தவங்க முடிச்சாங்களா, முன்னாடியா?

ஈசூன்_குமார்:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என் நண்பர்கள் இங்க இல்ல. இல்லாதவங்களைப் பத்திப் பேசாதீங்க.

வாத்தியார் சாருக்கு: இது எங்க ஊர் சிங்கப்பூர்ல தொடக்கநிலை 5, அதாவது அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கொடுத்த கணக்கு. பதினோரு வயசுப் பிள்ளை "அவனிடம் மாதம் மட்டும் இருந்தால், அப்போது, ஆகவே"ன்னு இப்படிச் சுத்தி வளைக்குமா? பெர்னார்டு பேசல, அதனால தெரியாது. பிள்ளை அப்படித்தான் யோசிக்கும்.

சுடர்க்கொடி:
குமார், அந்தத் தகவலே தப்பு. முதலில் தொடக்கநிலை 5 என்றுதான் பரவியது. பிறகு திருத்தினார்கள். அது சிங்கப்பூர் ஆசியப் பள்ளிகள் கணித ஒலிம்பியாட் போட்டியில், உயர்நிலை 3, 4 (ஒன்பதாம், பத்தாம் வகுப்பு) மாணவர்களுக்கு வைத்த கேள்வி. 25 கேள்விகளில் 24ஆவது. நன்றாகப் போடுகிறவர்களையும் மிக நன்றாகப் போடுகிறவர்களையும் பிரிக்க வைத்தது. அந்த இடத்தில் வருகிற கேள்வி சுற்றி வளைத்துத்தான் இருக்கும்.

இன்னொன்று. ஆகஸ்ட் 17 என்ற விடை அப்போதே கிளம்பியது. போட்டி நடத்தியவர்களே அது ஏன் சரியில்லை என்று விளக்கம் போட்டார்கள். வாத்தியார் ஐயா சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள்: பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட் தானாகக் கண்டுபிடிக்கிறான், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஈசூன்_குமார்:
நடத்தினவங்க சொன்னா சரியாகிடுமா? கேள்வியைத் தெளிவா எழுதாதவங்களே அப்புறம் விளக்கமும் கொடுப்பாங்க, நாம கைதட்டணுமா? உயர்நிலையோ தொடக்கநிலையோ, பெர்னார்டு வாயைத் திறக்கல. அது மாறல.

நெல்லை_வாத்தியார்:
ஒரு நிமிடத்துக்கு முன்னால் "எங்க ஊர்ப் பிள்ளைகள் கணக்கு" என்று பெருமைப்பட்டவர், வகுப்பு தப்பு என்றதும் கேள்வியே சரியில்லை என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். விடைத்தாளில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். கேள்வியில் இல்லாத ஒன்றை மாணவன் தானே சேர்த்துக்கொள்வான், பிறகு அதற்கு அழகாக விடை எழுதுவான். குமார் போட்ட படிகள் ஒவ்வொன்றும் சரி. அவர் சேர்த்த அந்த ஒரு வாக்கியம் மட்டும் புதிரில் இல்லை.

பழைய_பஞ்சாங்கம்:
இதைச் சொல்றது யாரு? 6÷2(1+2) இழையில 9தான் விடைன்னு நின்ன அதே வாத்தியார்தானே. அடைப்புக்கு முன்னாடி குறி இல்லாம ஒட்டி எழுதினா அந்தப் பெருக்கலை முதல்ல செய்யற வழக்கமும் உண்டு, அப்போ 1 வரும்னு நான் அன்னைக்கே எழுதினேன். "நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம்"னு கேட்டீங்க. எனக்கு மறக்கல.

நெல்லை_வாத்தியார்:
இடமிருந்து வலம். 9. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பழைய_பஞ்சாங்கம்:
நான் ஏன் இழுக்கிறேன்னா, இல்லாததைச் சேர்க்கக் கூடாதுங்கிறது உங்க விதி. சரி. 17 யானைக் கணக்கை எத்தனை தலைமுறையாச் சொல்றோம்? அப்பா எழுதி வச்ச உயில்ல மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூணுல ஒண்ணு, இளையவனுக்கு ஒன்பதுல ஒண்ணு. பெரியவர் ஒருத்தர் தன் யானையைக் கொண்டுவந்து சேர்த்து 18 ஆக்குறார். 9, 6, 2 கொடுத்துட்டுத் தன் யானையைத் திரும்ப ஓட்டிட்டுப் போறார். கணக்குல இல்லாத யானை எங்கிருந்து வந்துச்சு? அதுக்குக் கைதட்டுவீங்க, பெர்னார்டு சும்மா நின்னான்னு சொன்னா மட்டும் தப்பா?

சுடர்க்கொடி:
யானைக் கணக்கே உயில் எழுதியவரின் தப்பை மறைப்பதுதானே. 1/2, 1/3, 1/9 மூன்றையும் கூட்டினால் 17/18தான் வரும், 1 வராது. 17 யானையில் பாதி எட்டரை. மூத்தவனுக்கு 9 கிடைத்தது, அப்பா சொன்னதைவிட அரை யானை கூட. மூன்று பேருமே கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டதால்தான் யாரும் சண்டை போடவில்லை. அதைப் பிரமாதமான தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

பழைய_பஞ்சாங்கம்:
எட்டரை யானையை எப்படிம்மா கொடுப்பீங்க? வெட்டியா? பெரியவங்க சொன்னதுல ஒரு நடைமுறை அறிவு இருக்கு. எல்லாத்தையும் பின்னத்துல போட்டு அளக்கக் கூடாது.

கொங்குத்தம்பி:
எங்க ஊர்ல அது மாடுங்க, யானை இல்ல.

பழைய_பஞ்சாங்கம்:
ஒட்டகம்னும் சொல்வாங்க. விஷயம் அது இல்ல.

சுடர்க்கொடி:
யானையை விடுங்கள். குமாருக்கு ஒன்று காட்டுகிறேன். இந்த வகைப் புதிருக்கு மூத்தது ஒன்று உண்டு. நெதர்லாந்துக் கணித அறிஞர் ஹான்ஸ் ஃபிராய்டென்டால் 1969இல் போட்டது. 1ஐவிடப் பெரிய இரண்டு வெவ்வேறு முழு எண்கள், கூட்டினால் 100ஐத் தாண்டாது. ஒருவனுக்குக் கூட்டுத்தொகை மட்டும் தெரியும், இன்னொருவனுக்குப் பெருக்குத்தொகை மட்டும். பெருக்கல்காரன் "எனக்கு எண்கள் தெரியாது" என்கிறான். கூட்டல்காரன் "உனக்குத் தெரியாது என்று எனக்கு முன்பே தெரியும்" என்கிறான். பெருக்கல்காரன் "இப்போது தெரிந்துவிட்டது" என்கிறான். "எனக்கும்" என்கிறான் கூட்டல்காரன். விடை 4, 13.

கூட்டல்காரனிடம் இருந்தது 17. இரண்டு எண்களுமே பகா எண்களாக இருந்தால் பெருக்கல்காரன் உடனே கண்டுபிடித்துவிடுவான். 17ஐ இரண்டு பகா எண்களாகப் பிரிக்கவே முடியாது. ஒற்றைப்படை என்பதால் ஒன்று 2 ஆக வேண்டும், மற்றது 15, அது பகா எண் இல்லை. வேறு எப்படிப் பிரித்தாலும் பெருக்கல்காரன் முழிப்பான். அதனால்தான் கூட்டல்காரனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது. பெருக்கல்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் கையில் இருந்த எண்ணைப் பார்த்துச் சொன்னான். ஆல்பர்ட் செய்வதும் அதேதான்.

ஈசூன்_குமார்:
நல்ல உதாரணம் கொடுத்தீங்க அக்கா, எனக்குத்தான் அது சாதகம். உங்க பெருக்கல்காரன் முதல்ல வாயைத் திறந்து "தெரியாது"ன்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் கூட்டல்காரன் "முன்பே தெரியும்"னு தெளிவாச் சொல்றான். இங்க பெர்னார்டும் சொல்லல, ஆல்பர்ட்டும் "முன்பே"ன்னு சொல்லல. "தெரியும்"னு மட்டும்தான் சொல்றான். எப்படித் தெரியும்? பாத்துத்தான் தெரியும்.

கொங்குத்தம்பி:
ரெண்டு பேரும் "தெரியும்"னு எதைச் சொல்றீங்கன்னு முதல்ல ஒரு முடிவுக்கு வந்தா நல்லா இருக்குமுங்க. நிச்சயமா நிரூபிச்சதையா, பாத்து ஊகிச்சதையா?

நெல்லை_வாத்தியார்:
ஆல்பர்ட்டிடம் இருந்தது மாதம் மட்டும்தான். இதை எத்தனை தரம் எழுத வேண்டும்?

குமார், உங்கள் வழியிலேயே வருகிறேன். பெர்னார்டு பேசாமல் நிற்கிறான். எவ்வளவு நேரம் நின்றால் அவனுக்குத் தெரியாது என்று அர்த்தம்? 18 என்று கேட்ட பையன் பத்துத் தேதியையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? தெரிந்தும் மரியாதைக்காகப் பேசாமல் நின்றிருக்கக் கூடாதா? உங்கள் ஆல்பர்ட் இதில் எதையும் விலக்க முடியாது. என் ஆல்பர்ட் ஜூலை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு 14க்கும் வேறு மாதம் இருக்கிறது, 16க்கும் வேறு மாதம் இருக்கிறது, ஆகவே பெர்னார்டால் முடியவே முடியாது என்று நிரூபிக்கிறான்.

இந்தப் புதிரின் அழகே அங்கேதான். இருவரும் ஒரு எண்ணைக்கூட வெளியில் சொல்லவில்லை. தெரியாது, தெரியும் என்று மட்டும் சொல்லியே பத்துத் தேதியை ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதை முகம் பார்த்துச் சொன்னான் என்று ஆக்கினால் கணக்கே செத்துப்போகிறது. என் பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைப் போட்டுக் காட்டும்போது அந்த இடத்தில் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

ஈசூன்_குமார்:
கோபம் வருதுன்னா அது உங்க பிரச்சினை சார். ஒரு நொடி போதும் பெர்னார்டுக்கு. பத்துத் தேதி பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நெல்லை_வாத்தியார்:
நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். நானே வழி சொல்கிறேன். ஒருவர் செரில். ஒரு தேதியை மனசில் வைத்துக்கொண்டு இரண்டு துண்டுச் சீட்டு எழுதட்டும். மாதச் சீட்டு ஒருவருக்கு, நாள் சீட்டு இன்னொருவருக்கு. இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வையுங்கள். மாதச் சீட்டுக்காரரிடம் "அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். மே வந்தால் 19 குறுக்கே நிற்கும், ஜூன் வந்தால் 18. சொல்லவே முடியாது. ஜூலையும் ஆகஸ்டும் வந்தால் மட்டும் தயங்காமல் சொல்லலாம். நாலாவது நண்பர் சாட்சி.

பழைய_பஞ்சாங்கம்:
6÷2(1+2)க்கும் இப்படி ஒரு சோதனை சொல்லுங்களேன் சார், செய்து பாப்போம்.

ஈசூன்_குமார்:
வேறு வேறு அறையா? புதிர்ல அறை எங்க சார் இருக்கு? இல்லாததைச் சேர்க்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க.

நெல்லை_வாத்தியார்:
"தனித்தனியே சொன்னாள்" என்று இருக்கிறது.

ஈசூன்_குமார்:
செரில் சொன்னது தனித்தனியா. அவனுங்க பேசினது ஒண்ணா நின்னு. பேச ஆரம்பிக்கிறப்ப பெர்னார்டு பக்கத்துலதான் இருக்கான், வாயைத் திறக்கல.