கடைக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும் ஊர்கள்: நாங்கள் பார்த்தது

மேற்கு வர்ஜீனியாவிலிருந்து

இந்த மாநிலத்தின் தெற்கு மூலையில், மெக்டவல் கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ஒட்டியுள்ள ஒரு ஊரில் மருத்துவராக இருக்கிறேன். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்தவர்கள், டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்தால் உடனே நாடு திரும்ப வேண்டியதில்லை என்று ஒரு விதி உண்டு. இந்த மலைப்பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலரும் அப்படி வந்தவர்கள்தான். நானும் அப்படித்தான் வந்தேன். மூன்று வருடம் முடிந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன்.

இங்கே அரிசி பருப்பு வாங்குவதே எவ்வளவு பெரிய காரியம் என்பதை எனக்குப் புரியவைத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு நோயாளி. கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, நுரையீரல் கெட்டு இறந்தவர். இந்தப் பாட்டி காலையில் விரலைக் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவை ஒரு சின்ன நோட்டில் தவறாமல் எழுதிக்கொண்டு வருவார். அதைப் புரட்டினால், ஒவ்வொரு மாதமும் முதல் பத்து நாள் 130, 140 என்று இருக்கும். கடைசி வாரத்தில் 220ஐத் தாண்டும். அடுத்த மாதம் திரும்பவும் இறங்கும். மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் தேதி வாரியாகப் பதில் சொன்னார். மூன்றாம் தேதி சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியப் பணம் வரும். வருமானம் குறைந்தவர்கள் உணவு வாங்க அரசு தரும் ஃபுட் ஸ்டாம்ப் கார்டிலும் முதல் வாரத்தை ஒட்டிப் பணம் ஏறிவிடும். அன்றோ மறுநாளோ பக்கத்து வீட்டுப் பையனின் பிக்கப்பில் ப்ளூஃபீல்டு நகரத்துக் கடைக்குப் போவார். பெட்ரோலுக்கு இருபது டாலர் கொடுக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஐஸ் போட்ட கூலர் பெட்டி ஒன்று இருக்கும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தக்காளி, கீரை, பழம் எல்லாம் முதல் வாரத்தோடு சரி. அதன் பிறகு முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு. பதினைந்து தேதிக்கு மேல் டின்னில் அடைத்த காய். கடைசி வாரத்தில் பின்டோ பீன்ஸ், சோள ரொட்டி, நூடுல்ஸ், பக்கத்து டாலர் ஸ்டோரில் கிடைக்கிற பிரெட். நோட்டில் இருந்த எண்கள் ஏறி இறங்கிய கணக்கு அவ்வளவுதான்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதுவே தலைகீழாக நடக்கும். சாப்பாடு குறையும், ஊசி குறையாது, சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் 2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வருமானம் குறைந்தவர்கள் சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்வது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. வசதியானவர்களிடம் அப்படி ஏறவில்லை. எந்த நோயாளியையும் பார்க்கும்போது அன்று என்ன தேதி என்பதை டாக்டர் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெக்டவல் கவுண்டியில் 1950இல் 98,887 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். சுரங்கங்கள் இயந்திரமயமாகி, பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஆட்கள் வெளியேற, கடைகளும் போயின. கிம்பால் என்ற சிற்றூரில் இருந்த வால்மார்ட், 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த நிறுவனம் அப்போது அமெரிக்காவில் மூடிய 154 கடைகளில் அதுவும் ஒன்று. மக்கள் காய்கறி வாங்கிய இடம் போனது, வேலையும் போனது. அதோடு, விற்காமல் மிஞ்சும் பொருள்களை அந்தக் கடை இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு தரும் அதே ஊர் ஃபுட் பேங்க்குக்குக் கொடுத்துவந்தது. அதுவும் நின்றது. கடையில் வாங்க முடிந்தவர், வாங்க முடியாமல் வரிசையில் நின்றவர், இருவரையும் ஒரே மாதத்தில் அது தாக்கியது.

கிராமப்புறத்தில் சூப்பர் மார்க்கெட் பத்து மைலுக்கு மேல் தள்ளி இருந்தால் அதைப் பற்றாக்குறைப் பகுதியாக வைத்துப் பார்க்கிறது அமெரிக்க வேளாண் துறை. அது வரைபடத்தில் நேர்கோடாக அளக்கிற மைல். இங்கே நேர்கோட்டில் எந்தச் சாலையும் போவதில்லை. 52ஆம் எண் நெடுஞ்சாலை ஓடையோடு வளைந்து வளைந்து போகும். எதிரே லாரி வந்தால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. பனி பெய்தால் அதுவும் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் எல்லாப் பள்ளத்தாக்குக்குள்ளும் வராது.

“கிராமம்தானே, வீட்டிலேயே தோட்டம் போட்டால் என்ன?” என்று நம் நண்பர்கள் கேட்பதுண்டு. போடுகிறார்கள். நிலம்தான் இல்லை. மலையின் பெரும்பகுதி வெளியூர் நிலக் கம்பெனிகளின் கையில். மிஞ்சும் சமதளம் ஓடைக்கரையில் ஒரு பட்டை, அதுவும் வெள்ளம் வரும் இடம். 2025 பிப்ரவரி வெள்ளத்தில் அடித்தளம் வரை சேறு புகுந்த வீடுகளில் என் இன்னொரு நோயாளியின் வீடும் ஒன்று. கோடையில் விளைந்த பீன்ஸை அவர் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பெரிய பிரஷர் பாத்திரத்தில் வேகவைத்து, மூடி ‘டக்’ என்று உள்வாங்கும் சத்தம் வரும்வரை பக்கத்திலேயே காத்திருந்து ஒவ்வொன்றாக அடுக்கிவைத்திருந்தார். குளிர்காலம் முழுமைக்குமான காய் அது. வெள்ளநீர் பட்ட ஜாடியை நம்பித் திறக்க முடியாது, எல்லாவற்றையும் கொட்டினார். வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஜாடிகளைக் கணக்கில் எழுதவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

இதே கவுண்டிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கென்னடி ஆட்சிக்கு வந்த பிறகு தொடங்கிய ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தின் முதல் ஸ்டாம்புகள் 1961 மே 29 அன்று, இந்தக் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில்தான் செலவழிக்கப்பட்டன. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பதினைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 95 டாலருக்கான ஸ்டாம்புகள். அன்று அவர்களுக்கு முன்னால் ஒரு சூப்பர் மார்க்கெட் இருந்தது, கையில் பணம் இல்லாததுதான் பிரச்சினை. இன்று என் நோயாளிகள் பலரிடம் கார்டில் பணம் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்த் தேய்க்கும் இடம்தான் தூரம். அந்தக் கார்டில் சூடான சாப்பாடும் வாங்க முடியாது. அடுப்பு கெட்டுப்போன வீட்டுக்காரர், கேஸ் ஸ்டேஷனில் சுடச்சுட இருக்கும் கோழியை விட்டுவிட்டுக் குளிர்ந்த சாண்ட்விச் வாங்கிப் போகிறார். இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.

மிசிசிப்பியிலிருந்து

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் டெல்டா பகுதியில் பயிர் ஆராய்ச்சி செய்கிறேன். இங்கே மலை இல்லை, நிலத்துக்கும் பஞ்சமில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி, கரிசல் போல வளமான மண். வீட்டு வாசற்படி வரைக்கும் சோயாவும் பருத்தியும் நிற்கும். அந்த வீட்டுக்குள் இருப்பவர் தக்காளி வாங்க அடுத்த கவுண்டிக்குப் போவார். விளைவது எல்லாம் கிடங்குக்கும் ஆற்றுப் படகுக்கும் போகிறது.

நிலம் பார்க்கப் போன இடத்தில் வயதான கறுப்பினப் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சிறுவயதில் லிஃப்ளோர் கவுண்டியில் இருந்தவர். கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்குப் பழிவாங்க, மத்திய அரசு தரும் இலவச மாவு, அரிசி, பால்பவுடர் விநியோகத்தை 1962-63 குளிர்காலத்தில் அந்தக் கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அடுப்பில் கைவைத்த செயல் அது. வடக்கிலிருந்து லாரிகளில் சாமான் வந்தது. நகைச்சுவைக் கலைஞர் டிக் கிரிகரி விமானத்தில் உணவு கொண்டுவந்தார். சர்ச்சில் அம்மாவோடு வரிசையில் நின்றதைப் பெரியவர் சொன்னார். மாவு மூட்டையைத் தூக்கித் தந்தவர் முகம் நினைவில்லை, மூட்டையின் கனம் நினைவிருக்கிறது என்றார்.

பிறகு 1969இல் பக்கத்து சன்ஃப்ளவர் கவுண்டியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குப் போராடிய ஃபேனி லூ ஹேமர் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி போட்டார்கள். பன்றி வங்கி என்று ஒன்றும் நடத்தினார்கள்: ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி, அது போடும் குட்டிகளில் இரண்டைத் திருப்பித் தந்தால் அடுத்த குடும்பத்துக்குப் போகும். சில ஆண்டுகளில் பண விவகாரத்தில் பண்ணை நொடித்துப் போனது. ஆனால் யாரிடமும் கையேந்தாமல் சாப்பிட நிலம் வேண்டும் என்று அந்த அம்மா கண்ட வழி சரியான வழி. இன்றும் இங்கே எனக்குப் பிடித்த வேலை, சர்ச்சுக்குப் பின்னால் வெண்டையும் கறுப்புக் காராமணியும் போடுகிறவர்களுக்கு மண் பரிசோதனை செய்து கொடுப்பது.

கான்சாஸிலிருந்து

நான் இருப்பது விச்சிட்டா. வேலையாகப் போகும் வழியில் நியோஷோ கவுண்டியில் செயின்ட் பால் என்ற ஊர். சுமார் அறுநூறு பேர்தான். இருபது வருடத்துக்கும் மேல் அங்கே மளிகைக் கடையே இல்லாமல் இருந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து கடன் வாங்கி 2008இல் கடை திறந்தார்கள். 2013இல் அதை நகராட்சியே வாங்கிக்கொண்டது. பக்கத்து ஊரான ஈரியிலும் பின்னர் அப்படியே செய்தார்கள். நான் போனபோது கல்லாவில் இருந்த அம்மாவிடம் கடை எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டேன். வாங்க ஆள் வருகிறார்கள், சரக்கு வருவதுதான் கஷ்டம் என்றார். மொத்த வியாபாரி வாரத்துக்கு இவ்வளவு டாலருக்காவது எடுத்தால்தான் வண்டி அனுப்புவேன் என்பார். சின்னக் கடைக்கு அந்த அளவு எட்டாது. பல ஊர்க் கடைகள் சாவது இதனால்தான்.

மீண்டும் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து

கான்சாஸ் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த வழியாகப் போனால், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, அதை எட்ட அருகிலுள்ள பள்ளிக்கூடமோ முதியோர் இல்லமோ அவர்களோடு சேர்ந்து வாங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். இங்கே ஒரு சர்ச்காரர்கள் மூடிக்கிடக்கும் கடைக் கட்டடம் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார்கள். ஃப்ரீசருக்கு ஆள் கிடைத்துவிட்டார், சரக்கு அனுப்பத்தான் இன்னும் யாரும் கிடைக்கவில்லை.