புதுப்பிப்பு: செம்பனை நார்க்கூழ் அடைப்பு தீர்ந்தது

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நுண்ணிழை எடுப்பதற்காக, செம்பனை வெற்றுக் குலையிலிருந்து (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) எடுத்து வெளுத்த கூழை உயர் அழுத்த ஹோமோஜெனைசரில் (திரவத்தைக் குறுகிய இடுக்கு வழியே அழுத்தித் தள்ளும் இயந்திரம்) விட்டால், இரண்டாம் சுற்றிலேயே வால்வு அடைத்துக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று.

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. காகித ஆலையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், "தம்பி, மெஷினை விடு, முதல்ல நாரை நல்லா அடிச்சுக் கொடு" என்றார். அதுதான் சரி. வால்வின் இடுக்கு மிகக் குறுகியது. நீளமான நார்கள் அங்கே பின்னிக்கொண்டு நின்றுவிடுகின்றன. ரிஃபைனர் என்ற நார் அரைக்கும் இயந்திரத்தில் அரைத்து, சல்லடையில் வடித்து, கூழில் நாரின் அளவை 2 விழுக்காட்டிலிருந்து 1 ஆகக் குறைத்தேன். அழுத்தத்தை 200 பாரில் தொடங்கி மெல்ல 500 வரை ஏற்றினேன். பத்துச் சுற்று, அடைப்பே இல்லை.

தண்ணீராய் ஓடியது கடைசியில் கஞ்சி ஆறி உறைந்தது போல் கெட்டியாக வந்தது. 99 விழுக்காடு தண்ணீர்தான், ஆனால் குவளையைக் கவிழ்த்தாலும் விழவில்லை! இடுக்கில் அழுத்தம் சட்டென்று இறங்கும்போது ஏற்படும் உராய்வும் குமிழ் வெடிப்பும் நாரை நுண்ணிழைகளாகப் பிரித்துவிடுகின்றன. 1970களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்களான டர்பாக், சாண்ட்பெர்க் குழுவினரும் பாலுக்கான ஹோமோஜெனைசரில்தான் மரக்கூழை இப்படிச் செலுத்தினார்கள்.

ஒரு கவலை மிச்சம். செம்பனை நாரின் மேல் மணல் போல் கடினமான சிலிக்கா மணிகள் ஒட்டியிருக்கும். அவை வால்வைத் தேய்க்கும். அதை முன்கூட்டியே நீக்கியவர்கள் பினாங்கில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். மின்னணு நுண்ணோக்கிப் படம் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.