பழைய கேம்பர் வேனுக்குள் பெட்ரோல் வாடை: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1973ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர் வேன். 1600 சிசி ஏர்கூல்ட் இன்ஜின், ஒற்றைக் கார்புரேட்டர். சில வாரங்களாக வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது. எப்போதும் அடித்தால் தேடுவது எளிதாக இருந்திருக்கும்; இதுவோ வருகிறது, போகிறது. ஹீட்டரைத் திறந்தால் கூடுகிறது. டேங்கை நிரப்பிய மறுநாள் காலையில், வண்டி குளிர்ந்து நிற்கும்போதே கதவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுகிறது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலான ஹோஸைப் புதிதாக மாற்றியும் வாடை குறையவில்லை. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. இந்த வண்டிக்குள்தான் குழந்தைகளோடு இரவில் படுக்கிறோம் என்பதால், காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்க மனம் வரவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

வண்டியை எடுக்காமல் நிறுத்தியது சரியான முடிவு. வேறு எதையும் தொடுவதற்கு முன் சமையல் அடுப்பின் கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் அதன் பைலட் சுடரையும் அணைத்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படிந்து, சுடர் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இந்த வண்டியில் பேட்டரி இன்ஜின் அறைக்குள்ளேயே இருப்பதால், அங்கே ஆவி தேங்கியிருக்கும்போது ஒரு பொறி பறந்தாலும் போதும், தீப்பிடித்துவிடும். ஆகவே கழற்றுவதற்கு முன் பின்கதவையும் இன்ஜின் மூடியையும் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள்.

ஹீட்டரைத் திறந்தால் வாடை கூடுவது நல்ல தடயம். இந்த இன்ஜினைக் குளிர்விக்கும், இன்ஜினே சுழற்றும் விசிறி, இன்ஜின் அறையின் காற்றையே இழுத்து, அதில் ஒரு பகுதியை சைலன்சர் பக்கம் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர்கள் (புகைக்குழாயின் சூட்டில் காற்றைச் சூடாக்கும் உறைகள்) வழியாக வண்டிக்குள் அனுப்புகிறது. எனவே இன்ஜின் அறையில் எங்கே கசிந்தாலும் அது உங்கள் கால்மாட்டுக்கு வந்து சேரும். ஹீட்டரே பழுது என்று எண்ணிவிட வேண்டாம். அது செய்தியைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் குளிர்ந்து நிற்கும் வண்டியில், அதுவும் டேங்க் நிரம்பிய மறுநாளில் வாடை வருகிறது என்கிறீர்கள். இன்ஜின் ஓடாதபோது மெக்கானிக்கல் பம்ப் எதையும் தள்ளுவதில்லை. ஆகவே எனக்குச் சந்தேகம் டேங்கின் மேல்பகுதி மீதுதான்: பெட்ரோல் ஊற்றும் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் உறை, டேங்கின் மேலிருந்து வரும் மெல்லிய மூச்சுக் குழாய்கள், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று அளவுமானிக்குத் தெரிவிக்கும் சென்டர் (sender) அடியில் இருக்கும் கேஸ்கெட். இவை பாதி டேங்கில் காய்ந்து கிடக்கும், நிரம்பினால்தான் நனையும். டேங்கை நிரப்பிக்கொண்டு ஓட்டிய நாட்களில் இடப்பக்கம் திரும்பும்போது வாடை கூடியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கழுத்து வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் அந்தப் பக்கம் அலைந்து மோதும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கார்புரேட்டர் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வண்டியில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் கையால் ஆட்டினாலே ஆடியது. அது அழுத்திச் செருகப்பட்டது மட்டுமே. சூடும் அதிர்வும் சேர்ந்து ஆண்டுகள் போகப் போகத் தளர்ந்துவிடும். அது ஓடும் இன்ஜின் மேல் கழன்று விழுவதுதான் இந்த வண்டிகள் எரிந்துபோவதற்குப் பலரும் சொல்லும் காரணங்களில் ஒன்று. இன்ஜினின் வெளிக்கூடான கிரேங்க் கேஸ் மக்னீசியம் கலந்த உலோகம் என்பதால், அது பற்றிக்கொண்டால் சாதாரணத் தீயணைப்பானுக்கு அடங்காது. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கினால், அதையும் சூடான இன்ஜின் மேலிருந்து அகற்றிவிடுங்கள்.

இன்னொன்று: ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பம்புக்குள் இருக்கும் சவ்வு (டயாபிரம்) கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் ஏறியிருக்கும், ஆயில் நீர்த்திருக்கும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

தரையில் சொட்டு விழவில்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்ய முடியாது. மெல்லிய கசிவு விழுவதற்குள் ஆவியாகிவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளைச் சுற்றி ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பழைய கசிவாக இருந்தால் அந்த இடத்தில் வார்னிஷ் போலப் பழுப்புக் கறை படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுக்கும். துணி பின்னிய ஹோஸாக இருந்தால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். முனையை மடக்கிப் பாருங்கள். துணிக்கு அடியில் ரப்பர் வறண்ட களிமண்ணைப் போல வெடித்திருக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை, பித்தளைக் குழலும் உறுதியாக இருக்கிறது. பம்பு, கார்புரேட்டர், ஃபில்டர் பக்கம் சுற்றிய தாள்கள் எல்லாம் காலையில் சுத்தமாக இருந்தன. இடப்பக்கத் திருப்பத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் என் மனைவி, வளைவுகளில்தான் வாடை அதிகம் என்று முன்பே சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்இடி டார்ச்சையும் சிறு கண்ணாடியையும் வைத்துக்கொண்டு கழுத்தின் ரப்பர் உறையைப் பார்த்தேன். மேல்புறம் புதிது போல் இருந்தது. கண்ணாடியை அடியில் நீட்டியபோது, கிளாம்ப்பின் ஓரத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு விரிசலும், அதன் கீழே தகரத்தில் வழிந்து காய்ந்த பழுப்புக் கோடும் தெரிந்தன. உறையை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி 1

போதாது. ஒரே வயதுடைய ரப்பர்கள் அனைத்தும் ஒரே நிலையில்தான் இருக்கும். இன்ஜினை இறக்கி, டேங்கைக் கழற்றி, உறை, மூச்சுக் குழாய்கள், சென்டர் கேஸ்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். டேங்கிலிருந்து தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு இன்ஜின் அறைக்கு வரும் ஹோஸை மறந்துவிட வேண்டாம். இன்ஜினை ஏற்றிய பிறகு அது கண்ணுக்கே தெரியாது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பெட்ரோல் ஓடும் ஹோஸ்கள் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற எரிபொருள் ஹோஸ் தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அளவு மில்லிமீட்டரில் பொருந்த வேண்டும். கால் அங்குல ஹோஸைச் செருகிக் கிளாம்ப்பை இறுக்கினால் அது உட்காராது, மடிந்து கசியும். கிளாம்ப்பும் ஓரம் மழுங்கியதாக இருக்கட்டும், ஏனெனில் உங்கள் உறையின் விரிசல் கிளாம்ப் ஓரத்தில்தான் தொடங்கியிருக்கிறது. கழற்றுவதற்கு முன் டேங்கைத் திறந்த வெளியில் முழுவதும் வடித்துவிடுங்கள். மீண்டும் பூட்டியதும் டேங்கை நிரப்பி, கேஸ் சிலிண்டரை இணைக்காமலேயே ஓர் இரவு நிறுத்தி, காலையில் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே குழந்தைகளை ஏற்றுங்கள்.